மரக்கீற்று அறுப்பில் வரும் கோளாறுகள்: மாதிரி மோட்டார் படகு கட்டுபவர்களுக்கு, அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மாதிரிப் படகின் உடல் முறுக்கிக்கொண்டது என்று யாராவது சொன்னால், மிச்சமிருக்கும் கீற்றுகளைத்தான் நான் முதலில் கேட்டு வாங்கிப் பார்ப்பேன். காரணம் பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கும். படகில் ஒட்டிய பிறகு தெரியும் பல குறைகள் அறுக்கும் மேசையிலேயே பிறந்தவை. அங்கே பிடித்தால் ஒரு துண்டு மரத்தோடு போய்விடும். ஒட்டிய பிறகு பிடித்தால் ஒரு மாத வேலை போகும்.

இங்கே கீற்று என்று சொல்வது இரண்டு வகையை. ஒன்று, படகின் குறுக்கே நின்று வடிவம் தரும் விலாச்சட்டங்களின் மேல் பலகையாகப் போர்த்தும் மெல்லிய கீற்று. சுமார் 1.5 முதல் 2 மி.மீ. தடிமன், 5 அல்லது 6 மி.மீ. அகலம். இன்னொன்று, உடலின் விளிம்புகளில் நீளவாக்கில் ஓடும் சட்டம். 3×3 முதல் 6×6 மி.மீ. வரை இருக்கும். வேகப் படகுகளில் அடிப்பாகமும் பக்கவாட்டும் சந்திக்கும் கூர்மையான மடிப்பை சைன் என்போம். அந்த மடிப்பில் ஓடும் சட்டம்தான் படகின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது.

கோளாறு தெரிந்ததும் மேசை ரம்பத்தைத் திருகத் தொடங்காதீர்கள். கெட்டுப்போன கீற்றைத் தட்டையான மேசையில் வையுங்கள். வெர்னியர் அளவியால் இரு முனையிலும் நடுவிலும் தடிமனை அளந்து பென்சிலால் அதன் மேலேயே எழுதுங்கள். அப்புறம் நார் எப்படி ஓடுகிறது என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். இந்த இரண்டு நிமிடம் பாதிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிடும்.

தடிமன் ஒரே சீராக இல்லை

எழுதி வைத்த மூன்று அளவுகளைப் பாருங்கள்.

நடுவில் மெலிந்து இரு முனையும் தடித்திருந்தால், ஃபென்ஸை, அதாவது பலகையை நேராக வழிநடத்த மேசையில் பூட்டும் சட்டத்தை, ஒட்டி ஓடிய பலகையின் விளிம்பு உள்வாங்கியிருக்கிறது. ரம்பம் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. பலகையின் பழைய வளைவை அப்படியே கீற்றின் ஒரு முகத்தில் விட்டுவிட்டது, அவ்வளவுதான். விளிம்பை இழைப்புளியால் நேராக்கிவிட்டு மறுபடி அறுங்கள். நேரான இரும்புக் கோலை விளிம்பில் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், கோலுக்கும் மரத்துக்கும் இடையில் ஒளி கசியக் கூடாது.

விளிம்பு வெளியே பிதுங்கியிருந்தால் அளவுகள் ஒழுங்கே இல்லாமல் வரும். பலகை ஃபென்ஸின் மேல் தொட்டில் போல ஆடும். தள்ளும் கை எந்தப் பக்கம் அழுத்துகிறதோ அதற்கேற்ப வெட்டும் மாறும்.

ஒரு முனையிலிருந்து மறு முனைக்குத் தடிமன் படிப்படியாக ஏறினால், ஃபென்ஸின் பின்முனை பூட்டப்படாமல் நகர்கிறதா என்று சோதியுங்கள். பூட்டிய பிறகு பின்முனையை விரலால் பக்கவாட்டில் அழுத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும். அசைந்தால் அங்கே ஒரு கிளாம்ப் போடுங்கள்.

எந்த முறையில் அறுக்கிறீர்கள் என்பதும் இங்கே முக்கியம். ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் நடுவில் கீற்று விழும்படி அறுத்தால், ஒவ்வொரு கீற்றின் ஒரு முகமும் முந்தைய அறுப்பில் உண்டான முகம். ஒரு தப்பு வந்தால் அது அடுத்ததற்குப் போகும், அதிலிருந்து அதற்கடுத்ததற்குப் போகும். நான்கைந்து கீற்றுக்கு ஒரு முறை விளிம்பை இழைத்து நேராக்கியே ஆக வேண்டும். பிளேடின் வெளிப்பக்கம் கீற்று விழும்படி அறுத்தால், பலகையின் ஃபென்ஸ் பக்க விளிம்பு கடைசி வரை அதேதான். அது ஒரு முறை நேராக இருந்தால் போதும், எல்லா வெட்டும் அதற்கு இணையாக வரும். ஆனால் ஒவ்வொரு கீற்றுக்கும் ஃபென்ஸை நகர்த்த வேண்டும். நகர்த்தும் அளவு மாறாமலிருக்க, பிளேடுக்குச் சற்று முன்னால், மேசையில் ஒரு நிறுத்துக்கட்டையைக் கிளாம்ப் போட்டு வையுங்கள். கட்டையின் முனைக்கும் பிளேடின் பல்லுக்கும் உள்ள இடைவெளிதான் கீற்றின் தடிமன். பலகை கட்டையைத் தொடும் வரை ஃபென்ஸைத் தள்ளிப் பூட்டினால் போதும். கட்டை பிளேடுக்கு முன்னால்தான் இருக்க வேண்டும், பக்கத்தில் இருக்கவே கூடாது. பக்கத்தில் இருந்தால் அறுபட்ட கீற்று நெருக்கப்பட்டு எகிறும்.

நான் இரண்டாவது முறையைத்தான் சொல்வேன். நேரம் கூடுதலாகும். ஆனால் 2 மி.மீ. கீற்று சுழலும் பிளேடுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவில் சிக்கும் ஆபத்து இதில் இல்லை.

எல்லாம் செய்தும் பத்தில் ஒரு பங்கு மி.மீ. வித்தியாசம் நிற்கிறதா? அதை ரம்பத்தில் தேட வேண்டாம். கீற்றை 0.3 மி.மீ. கூடுதலாக அறுத்துக்கொள்ளுங்கள். தட்டையான பலகையில் வேண்டிய தடிமனுள்ள இரண்டு பித்தளைப் பட்டைகளை இணையாக ஒட்டி, நடுவில் கீற்றை வைத்து, இரண்டு பட்டைகளின் மேலும் படியும்படி உப்புத்தாள் ஒட்டிய கட்டையால் தேயுங்கள். கட்டை பித்தளையைத் தொட்டதும் மரம் குறைவது நின்றுவிடும்.

அறுத்து வரும்போதே கீற்று வில்லாக வளைகிறது

இதில் ரம்பத்தின் மேல் தவறில்லை. மரத்துக்குள் இழுவை இருக்கிறது. மரம் வளர்ந்த விதத்திலும் உலர்ந்த விதத்திலும் உள்ளே தங்கிய இறுக்கம், மெல்லிய துண்டாகப் பிரிந்ததும் அவிழ்கிறது. கணுவுக்குப் பக்கத்திலும், மரத்தின் நடுத்தண்டுக்கு அருகிலும் எடுத்த பலகையில் இது அதிகம்.

இரண்டு கீற்று அறுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே பக்கம் வளைந்தால் அந்தப் பலகையை வேறு வேலைக்கு ஒதுக்கிவிடுங்கள். பணம் கொடுத்து வாங்கிய மரம் என்று விடாப்பிடியாக அறுத்துக்கொண்டிருக்க வேண்டாம். ஒன்று மட்டும் வளைந்து மற்றது நேராக இருந்தால், இனி பலகையின் இரண்டு விளிம்பிலிருந்தும் மாற்றி மாற்றி அறுங்கள். இழுவை ஒரு பக்கமே குவியாது.

லேசாக வளைந்த கீற்றுகளை எல்லாம் எறிய வேண்டியதில்லை. எந்தத் திசையில் வளைந்திருக்கிறது என்று பாருங்கள். தடிமன் திசையில் வளைவு என்றால், விலாச்சட்டத்தின் மேல் அது எப்படியும் வளையத்தான் போகிறது. இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று, வளைவு இரண்டிலும் உள்நோக்கி இருக்கும்படி வைத்துவிடலாம். அகலத் திசையில் வளைவு என்றால் ஏற்க முடியாது. பக்கத்துக் கீற்றோடு அது பொருந்தவே பொருந்தாது.

முகத்தில் கருகல், பலகை பின்னோக்கி உந்துகிறது

உடனே நிறுத்துங்கள். கருகல் அழகுப் பிரச்சினை அல்ல. பெரும்பாலும் பிளேடின் பின்பாகம் மரத்தை உரசுகிறது என்பதற்கான அடையாளம். அதே உரசல்தான் பலகையைத் தூக்கி உங்கள் பக்கம் எறியும்.

மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, பிளேடில் ஒரு பல்லுக்கு மையால் குறியிடுங்கள். அந்தப் பல்லை முன்பக்கம் கொண்டுவந்து ஃபென்ஸ் வரை உள்ள தூரத்தை அளங்கள். அதே பல்லைப் பின்பக்கம் சுழற்றி மறுபடி அளங்கள். பின்பக்கத் தூரம் குறைவாக இருந்தால் ஃபென்ஸ் பின்னால் நெருக்குகிறது. இரண்டும் சமமாகும் வரை ஃபென்ஸைத் திருத்துங்கள். வேறு பல்லை அளக்காதீர்கள், பிளேடின் நெளிவும் கணக்கில் கலந்துவிடும்.

ஃபென்ஸ் சரி, இன்னும் கருகுகிறது என்றால் பற்களில் பிசின் படிந்திருக்கும், அல்லது முனை மழுங்கியிருக்கும், அல்லது நீங்கள் பயந்து மிக மெதுவாகத் தள்ளுகிறீர்கள். நின்று நின்று தள்ளிய இடங்களில் மட்டும் கறுப்புப் பட்டை விழுந்திருந்தால் கடைசிக் காரணம்தான்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று. மரத்தைச் சேமிக்க மெல்லிய பிளேடுக்கு மாறியிருக்கிறீர்களா? பிளேடுக்குப் பின்னால், அறுபட்ட மரம் மூடிக்கொள்ளாமல் காக்கும் தகடு பழைய தடித்த பிளேடுக்கானது. அந்தத் தகடு பிளேடின் உடலை விடத் தடிப்பாகவும், பற்கள் விடும் தடத்தை விட மெலிதாகவும் இருக்க வேண்டும். தடத்தை விடத் தடித்திருந்தால் பலகை பாதியில் போய் முட்டி நிற்கும். தகட்டைக் கழற்றி வீசிவிடத் தோன்றும். செய்யாதீர்கள், பிளேடுக்கு ஏற்ற தகட்டைப் போடுங்கள்.

கீற்று பிளேடு பள்ளத்தில் விழுந்து நொறுங்குகிறது

மேசையின் வாய்த்தகட்டில், அதாவது பிளேடு மேலே வரும் வாயை மூடும் தகட்டில், பிளேடின் இருபுறமும் உள்ள இடைவெளி, உங்கள் கீற்றை விடப் பெரிது. ப்ளைவுட்டில் அதே வடிவத்தில் துளையில்லாத தகடு ஒன்று வெட்டிப் பொருத்துங்கள். பிளேடு முழுதாக இறங்கியிருக்க வேண்டும். தகட்டின் மேல் ஒரு நீளக் கட்டையை வைத்து, பிளேடு ஏறும் பாதைக்கு விலகி, மேசையோடு கிளாம்ப் போடுங்கள். கையால் பிடிக்கக் கூடாது. ரம்பத்தை ஓடவிட்டு பிளேடை மெல்ல மேலே ஏற்றினால், அது தனக்கு வேண்டிய அளவுக்கு மட்டும் தடம் வெட்டிக்கொள்ளும். கீற்றின் அடிவிளிம்பில் பிசிறு வருவதும் இதோடு பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

தள்ளுவதற்கு, பின்முனையில் குதி (பலகையின் பின்விளிம்பைப் பிடித்துத் தள்ளும் கீழ்நீட்டம்) வைத்த ஒரு மரக்கட்டையைப் பயன்படுத்துங்கள். பலகையின் மேல் படிந்து, பிளேடு அதையும் சேர்த்து அறுத்தாலும் கவலைப்பட வேண்டாத கட்டையாக இருக்கட்டும். அறுந்த கீற்றை எடுக்க பிளேடு முழுதாக நின்ற பிறகுதான் கை போக வேண்டும். கண்ணாடியும் தூசி முகமூடியும் கட்டாயம். மஹாகனி, சிடார் மரத்தூள் மூச்சுக்குழாயை உறுத்தும்.

விளிம்பெல்லாம் பஞ்சு போல் பிசிறு

மென்மரங்களில் வரும். மரம் ஈரமாக இருந்தால் இன்னும் கூடும். ஈரம் என்று சந்தேகம் வந்தால், பலகையை அறைக்குள் சில வாரம் காற்றோட்டமாக வைத்துவிட்டு அறுங்கள். காய்ந்த மரத்திலும் பிசிறு என்றால் பிளேடைச் சாணை பிடிக்கும் நேரம் வந்துவிட்டது. மிஞ்சுவதை 240 எண் உப்புத்தாளால், ஒரே திசையில், லேசாக எடுங்கள்.

கத்தியால் பால்சா வெட்டும்போது கோடு விலகுகிறது

பால்சா என்ற மிக லேசான மரத்தின் தகட்டை ரம்பத்தில் அறுக்க வேண்டியதில்லை, கத்தியே போதும். ஆனால் பால்சாவில் கத்தி உங்கள் சொல்லைக் கேட்பதற்கு முன் நாரின் சொல்லைக் கேட்கும். நார் சற்றுச் சாய்ந்து ஓடினால் முனை அதன் வழியே போய்விடும்.

தகட்டைப் பார்த்து நார் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கத்தியை இழுக்கும் திசையில் நார் இரும்புக்கோலை நோக்கிச் சாய்ந்திருந்தால், அது கத்தியைக் கோலோடு சேர்த்து அணைக்கும். வெட்டு நேராக வரும். கோலை விட்டு விலகிச் சாய்ந்திருந்தால் தகட்டை முனை மாற்றித் திருப்பினால் பயனில்லை, சாய்வு அப்படியேதான் இருக்கும். தகட்டைக் குப்புறக் கவிழ்த்துப் போடுங்கள், அப்போதுதான் சாய்வு மாறும். இதைத் தெரிந்துகொள்ளும் வரை நான் நிறையத் தகடுகளை வீணாக்கினேன்.

கோல் எப்போதும் உங்களுக்கு வேண்டிய துண்டின் மேல் இருக்கட்டும். கத்தி விலகினால் கழிவுப் பக்கம் போகும். கோலின் அடியில் மெல்லிய உப்புத்தாள் ஒட்டிவிட்டால் வழுக்காது. முதல் இழுப்பில் வெட்ட முயல வேண்டாம், கோடு மட்டும் விழட்டும். 3 மி.மீ. தகட்டுக்கு நான்கைந்து இழுப்பு தேவைப்படும். அழுத்தம் கூடினால் பால்சா நசுங்கும், வெட்டுப்படாது. நசுங்கிய விளிம்பு தண்ணீர் பட்டதும் உப்பி எழும்பும்.

கீற்றின் குறுக்குவெட்டு சதுரமாக இல்லாமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் கத்தி செங்குத்தாக இல்லை என்று பொருள். மணிக்கட்டை மட்டும் அசைக்காமல் கை முழுவதையும் பின்னால் இழுங்கள். தடித்த தகட்டில் பாதி ஆழத்தை மேலிருந்தும், மீதியைக் கவிழ்த்துப் போட்டும் வெட்டினால் சாய்வு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறையும்.

கத்தி முனை? சந்தேகம் வந்தாலே மாற்றுங்கள்.

வளைக்கும்போது பட்டென்று முறிகிறது

முறிந்த இடத்தைப் பாருங்கள், காரணம் அங்கே எழுதியிருக்கும். நீளமான சிராய்களோடு முறிந்திருந்தால் மரம் நல்லது, வளைவுதான் அதன் சக்தியை மீறியது. சாய்வாக, வழுவழுப்பாகப் பிளந்திருந்தால் நார் கீற்றை விட்டு வெளியே ஓடியிருக்கிறது. நார் ஒரு முகத்தில் நுழைந்து குறுகிய தூரத்தில் மறு முகத்தில் வெளியேறினால், அங்கே மரத்தைப் பிடித்து வைக்க ஒன்றுமில்லை.

அறுப்பதற்கு முன்பே இதைக் கண்டுபிடிக்கலாம். பலகையின் முனையிலிருந்து ஒரு சிறு துண்டை உளியால் பிளந்து பாருங்கள். அறுக்காமல் பிளக்க வேண்டும், பிளவு நாரின் வழியே போகும். பிளவு பலகையின் விளிம்புக்கு இணையாகப் போனால் அந்தப் பலகை வளைவுகளுக்கு உகந்தது. சாய்ந்து போனால், அந்தப் பிளவுக்கு இணையாகப் புதிய விளிம்பு ஒன்றை இழைத்து, அதிலிருந்து அறுங்கள். ஒரு முக்கோணத் துண்டு கழிவாகும். போகட்டும்.

நார் சரியாக இருந்தும் முறிகிறதென்றால் தடிமனைப் பாருங்கள். வளைவுக்கு எதிரான விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 4 மி.மீ. சட்டத்தைப் பாதியாக்கி 2 மி.மீ. ஆக்கினால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். அதனால் அணியத்தில், அதாவது படகின் முன்மூக்கில், சைன் சட்டம் வளைந்து கொண்டே முறுக்கவும் செய்யும் இடத்தில், 4 மி.மீ. சட்டத்துக்குப் பதிலாக இரண்டு 2 மி.மீ. கீற்றுகளை ஒன்றன் மேல் ஒன்றாக வளைத்து ஒட்டுங்கள். பசை காய்ந்ததும் அந்த வளைவிலேயே நிற்கும், விலாச்சட்டங்களை இழுக்காது. நீராவி வளைப்பை விட இதையே நான் நம்புகிறேன்.

ஒரே கீற்றாகத்தான் வேண்டும் என்றால் சூடான நீரில் ஊறவையுங்கள். மரத்தை இளக்குவது முக்கியமாகச் சூடுதான், நீர் அந்தச் சூட்டை உள்ளே கொண்டுபோகிறது. எடுத்தவுடன் விலாச்சட்டங்களின் மேல் வளைத்து, துணி கிளிப்புகளால் பிடித்து, பசையில்லாமல் ஒரு நாள் காயவிடுங்கள். ஈரத்தோடு ஒட்டினால் மரம் காய்ந்து சுருங்கும்போது கீற்றுகளுக்கிடையே விரிசல் திறக்கும்.

அணியத்தில் கீற்றுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறுகின்றன

நடு உடலின் சுற்றளவு அதிகம், முன்னால் குறைவு. ஒரே அகலமுள்ள கீற்று இரண்டு இடத்திலும் பொருந்தாது. நடுவில் ஒரு பக்கச் சுற்று 90 மி.மீ., கீற்று 6 மி.மீ. என்றால் 15 கீற்று. அணியத்தில் சுற்று 60 மி.மீ. என்றால் ஒவ்வொன்றும் அங்கே 4 மி.மீ. ஆக வேண்டும். அந்த அளவுக்கு இழைப்புளியால் கூராக்குங்கள். அணியத்தில் 40 மி.மீ. தான் என்றால் கணக்கு 2.7 மி.மீ. சொல்லும். பாதி அகலத்துக்குக் கீழே போகும் கீற்று நிற்காது, சிராயாகப் பிரியும். அப்போது சில கீற்றுகளை அணியத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

மரம் போதவில்லை

பிளேடு தூளாக்கி எடுக்கும் அறுப்புத் தடத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. 100 மி.மீ. அகலப் பலகையில் 2 மி.மீ. கீற்றுகளை 3 மி.மீ. தடம் விடும் பிளேடால் அறுத்தால் 20 தான் வரும். 1 மி.மீ. தடம் என்றால் 33. உடைவதற்கும் தவறுவதற்கும் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக அறுத்து வையுங்கள்.

எல்லாம் சரியாக அறுத்தும் உடல் முறுக்கிக்கொண்டது

இந்த ஒன்றில்தான் அதிகம் பேர் மனம் தளர்கிறார்கள். அளவு சரி, விலாச்சட்டம் சரி, ஒட்டியதும் சரி. கட்டுமானப் பலகையிலிருந்து கழற்றியதும் பின்பக்கம் ஒரு மூலை தூக்கி நிற்கும்.

இடப்பக்கச் சட்டமும் வலப்பக்கச் சட்டமும் அளவில் ஒன்றாக இருக்கலாம், விறைப்பில் ஒன்றல்ல. ஒரே பலகையின் இரு விளிம்புகளிலேயே அடர்த்தி மாறும். பால்சாவில் ஒரு தகட்டுக்கும் இன்னொரு தகட்டுக்கும் இரண்டு மடங்கு வரை எடை மாறும். விறைப்பான பக்கம் தளர்வான பக்கத்தைத் தன் பக்கம் இழுத்துவிடும்.

எனவே அறுப்பதற்கு முன் பலகையின் முகத்தில் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குப் பென்சிலால் சாய்கோடு போடுங்கள். அறுத்த பிறகு எல்லாக் கீற்றும் கலைந்தாலும், கோட்டின் துண்டுகளைச் சேர்த்து எது எதற்குப் பக்கத்தில் இருந்தது என்று அடுக்கிவிடலாம். அடுத்தடுத்து இருந்த இரண்டும் ஜோடி: ஒன்று இடம், ஒன்று வலம். முனை எது என்பதும் மாறக் கூடாது, அணியம் பக்கம் போகும் முனைகளில் புள்ளி வைத்துவிடுங்கள்.

ஜோடி சரிதானா என்று சோதிக்க, இரண்டையும் மேசை விளிம்பில் சம நீளம் வெளியே நீட்டிப் பிடித்து, நுனியில் ஒரே எடையைத் தொங்கவிட்டுப் பாருங்கள். தொய்வு சமமாக இருக்க வேண்டும். ஒட்டும்போதும் இடம் ஒன்று, வலம் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போனால் நல்ல ஜோடியும் உடலை இழுத்துவிடும்.

நீரின் மேல் வழுக்கி ஓடும் வேகப் படகில் இது கண்ணுக்கு மட்டுமான குறை அல்ல. பின்பகுதியில் அடிப்பாகம் முறுக்கியிருந்தால் படகு ஒரு பக்கம் சாய்ந்து இழுக்கும். படகின் பின்முனையை மூடும் பின்பலகைக்கு அருகே அடிப்பாகம் குழிந்திருந்தால் மூக்கு நீரில் அழுந்தும், புடைத்திருந்தால் மூக்கு ஏறி ஏறி இறங்கித் துள்ளும். அந்தக் குழிவும் புடைப்பும் பெரும்பாலும் தடிமன் மாறிய கீற்றுகளைச் சமன்படுத்த ஒரே இடத்தில் அதிகம் தேய்த்ததால் வருபவை. அடிப்பாகத்தின் பின் மூன்றில் ஒரு பகுதிக்கு, எழுதி வைத்த அளவுகளில் மிக ஒத்த கீற்றுகளையே ஒதுக்குங்கள். சுமாரானவை பக்கவாட்டுக்குப் போகட்டும்.

நேராக இருந்தவை ஒரு வாரத்தில் வளைந்துவிட்டன

சுவரில் சாய்த்து வைத்திருப்பீர்கள். ஜோடி ஜோடியாகச் சேர்த்து, காகித டேப்பால் மூன்று இடத்தில் கட்டி, தட்டையான இரண்டு பலகைகளுக்கு நடுவில் படுக்க வையுங்கள். ஜன்னல் வெயிலும் ஈரத் தரையும் ஆகாது. ஏற்கெனவே வளைந்தவற்றை லேசாக ஈரத்துணியால் துடைத்து, அதே பலகைகளுக்கு நடுவில் எடை ஏற்றி இரண்டு நாள் விட்டால் பாதிக்கு மேல் நேராகிவிடும். நேராகாதவற்றைச் சிறு துண்டுகளாக்கி, மேல்தளத்தின் குறுக்குச் சட்டங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.